ஒட்டுப்பலகைப் பாய்ப்படகு: பாரம் ஏற்றியபின் தெரியும் பிழைகளும் அவற்றைத் திருத்தும் வழியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரில் எங்கள் வீட்டுக் கொல்லையை அடுத்து செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடுகிறது. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படகை லோரியில் ஏற்றிச் சித்தியவானைத் தாண்டினால் முக்கால் மணி நேரத்துக்குள் லூமுட் வந்துவிடும். அதற்கு அப்பால் தெலுக் பாத்திக் கடற்கரை, எதிரே பங்கோர் தீவு. தோட்டப் பட்டறையில் மரவேலை பழகிய கைகளுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. ஒட்டுப்பலகையில் சிறு பாய்ப்படகு கட்டி, கரையோரமாகப் போய், மணலில் ஏற்றிவைத்து இரண்டு இரவு தங்கி வரவேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. கட்டியும் விடுகிறார்கள். முதல் பயணத்தில் ஏதோ ஒன்று ஒத்துவராமல் போகிறது. உடனே ரம்பத்தை எடுக்கிறார்கள். அந்த ரம்பத்தைத் தள்ளிவைக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேசும் படகு இது: நீளம் 4.6 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், தட்டையான அடி. அடிப்பலகை 9 மில்லிமீட்டர், பக்கப்பலகை 6 மில்லிமீட்டர். குறுக்குப் பருமலில், அதாவது பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் கழியில், கட்டிய நாற்கோணப் பாய் ஒன்று, ஏழரைச் சதுர மீட்டர். அதில் சிறு பங்கு பாய்மரத்துக்கு முன்னால் நிற்கும். வெற்றுப் படகு ஏறத்தாழ 100 கிலோ. உங்கள் படகின் அளவு சற்று மாறினாலும் குணம் மாறாது.

ஒரு கணக்கை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தப் படகு நீரைத் தொடும் பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். அப்படியானால் அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ ஏறத்தாழ 33 கிலோ வேண்டும். இருவர் 140 கிலோ, கூடாரம், அடுப்பு, அரிசி, நங்கூரம் எல்லாம் 70 கிலோ, குடிநீர் 20 லிட்டர். ஆக 230 கிலோ. படகு 7 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. வெற்றுப் படகுக்கு வரைந்த நீர்மட்டக் கோட்டை நம்பியவர்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்த 7 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஆகவே எந்தச் சோதனையையும் முகாமுக்குப் போகும் முழுப் பாரத்தோடு செய்யுங்கள். திருத்தத்துக்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள், பிறகு கட்டி அவிழ்க்க முடிந்ததை மாற்றுங்கள், அறுப்பது கடைசி. ஒரு முறைக்கு ஒரே மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

சுக்கான் பிடி கையை இழுக்கிறது. படகு காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கிறது

கொஞ்சம் இழுப்பது நல்லது. பிடியை விட்டால் படகு காற்றுமுகமாகத் திரும்பித் தானாக நிற்கும். நீரில் விழுந்தவரைக் காப்பாற்றும் குணம் அது. இரண்டு விரல்களால் பிடிக்க முடிந்தால் எதையும் தொடாதீர்கள். தோள் வலித்தால்தான் பிழை.

எங்கள் படகில் இது நடந்தது. தங்கை மகனும் நானும் வெற்றுப் படகில் மூன்று வாரம் ஓடிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. முதல் முகாமுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பிய நாளில் பங்கோர் வாய்க்காலின் நடுவில் நான் இரு கைகளாலும் பிடியைப் பற்றி நிற்க வேண்டியதாயிற்று. "மாமா, பாய்மரம் ரொம்பப் பின்னால் இருக்கிறது, அது நிற்கும் குழியை முன்னால் தள்ளி வெட்டலாம்" என்றான். வீட்டுக்கு வந்து பென்சிலால் கோடும் போட்டுவிட்டோம். அறுப்பதற்கு முன்தினம் மாலையில்தான் முன்னறையைத் திறந்து பார்த்தேன். குடிநீர்க் குடுவை, அடுப்பு, எரிவாயு உருளை, அரிசி டின், நங்கூரச் சங்கிலி எல்லாம் அணியத்தில், அதாவது முன்முனையில், குவிந்து கிடந்தன. கைக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று அங்கே வைத்திருந்தோம். முன்பக்கம் அமிழ்ந்ததால் நீரைப் பற்றும் இடம் முன்னால் போயிருந்தது. காற்றுத் தள்ளும் இடம் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவே உண்டான முறுக்கைத்தான் என் தோள் சுமந்தது. குடுவையையும் சங்கிலியையும் நடு இருக்கைக்கு அடியில் வைத்து மறுவாரம் போனோம். இரண்டு விரல் போதுமாக இருந்தது. பென்சில் கோடு இன்னும் பலகையில் இருக்கிறது, அழிக்கவில்லை.

பாரத்தைச் சரிசெய்தும் இழுத்தால் படகு எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். சாயும்போது பாயின் தள்ளுவிசை படகின் பக்கவாட்டுக்கு வெளியே போய்விடுகிறது. ஒரு பக்கத்துத் துடுப்பை மட்டும் வலித்தால் படகு எப்படித் திரும்புமோ அப்படி அது காற்றை நோக்கித் திருப்புகிறது. எடையைக் காற்றுவரும் பக்கம் நகர்த்தி உட்காருங்கள். போதாவிட்டால் பாயை ஒரு மடிப்புச் சுருக்குங்கள்.

அடுத்தது கயிறு. இந்தவகைப் பாயில் கீழ்த்தண்டை, அதாவது பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கழியை, படகின் தரையை நோக்கி இழுக்கும் கயிறுதான் உயிர். அது தளர்ந்தால் பாய் பையாக உப்பி, அதன் வயிறு பின்னால் நகரும். ஒரு சுற்றுக் கட்டினால் போதாது. கப்பி வைத்து மூன்று மடங்கு, நான்கு மடங்கு இழுவிசை கிடைக்கும்படி செய்யுங்கள். காற்று இல்லாத நேரத்தில் பாயின் பின்மேல் முனையிலிருந்து முன்கீழ் முனைவரை ஒரு மடிப்புத் தெரியும் அளவுக்கு இறுக்குங்கள். பாய் நிறைந்தவுடன் அந்த மடிப்பு மறையும். மறையாமல் நின்றால் மட்டும் சற்றுத் தளர்த்துங்கள்.

நடுப்பலகை என்பது படகின் நடுவே ஒரு பெட்டி வழியாக நீருக்குள் இறங்கி, படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பலகை. அது சுழலும் வகையாக இருந்தால் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். நுனி பின்னால் போகும். நீரைப் பற்றும் இடமும் பின்னால் போகும். அதன் பிறகு பாய் முழுவதையும் கீழ்த்தண்டோடு 5 அல்லது 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்திக் கட்டுங்கள். இத்தனையும் செய்து பார்த்தபின்தான் பாய்மரக் குழிக்கு வரவேண்டும். புதிதாக வரைகிறவர்கள் அந்தக் குழியைத் தேவையைவிட 10 சென்டிமீட்டர் நீளமாக அமைத்து ஆப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பை முன்னும் பின்னும் மாற்றினால் பாய்மரம் நகரும். ரம்பத்துக்கு வேலை இருக்காது.

பிடியை விட்டால் காற்றை விட்டு விலகி ஓடுகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். ஆனால் இது ஆபத்து. ஆள் விழுந்தால் படகு நிற்காமல் ஓடிவிடும். எடையைச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள், நடுப்பலகையை முழுவதும் இறக்குங்கள், பாயைப் பின்னால் நகர்த்துங்கள். இது சரியாகும்வரை கரையிலிருந்து நீந்தி எட்டும் தூரத்தைத் தாண்டாதீர்கள்.

திரும்பும்போது பாதியில் நின்று பின்னால் போகிறது

இலேசான, தட்டையடிப் படகுக்கு ஓட்டத்தைச் சேர்த்துவைக்கும் கனம் இல்லை. சுக்கானை வெடுக்கென்று முழுவதும் திருப்பினால் அது நீரை மறிக்கும் கதவாகிவிடுகிறது. முதலில் காற்றை விட்டுச் சற்று விலகி வேகம் எடுங்கள். பிறகு நிதானமாகத் திருப்புங்கள். பின்னால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அணியம் நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். காற்று அதைத் தள்ளிவிடும். ஒருவர் முன்னால் போகட்டும். நின்றேவிட்டால் பதற வேண்டாம். படகு பின்னோக்கி நகரத் தொடங்கியதும் சுக்கானை எதிர்ப்புறம் திருப்புங்கள்; மெல்லத் திரும்பிக்கொள்ளும்.

பின்னால் நீர் சலசலக்கிறது, வேகமே இல்லை

இந்தச் சத்தத்தைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். பின்பலகையின் அடிவிளிம்பு நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் நீர் வழுக்கிப் பிரியும். அமிழ்ந்திருந்தால் சுழன்று சுழன்று படகைப் பின்னால் பிடித்து இழுக்கும். அந்த 7 சென்டிமீட்டர் மறுபடியும் இங்கே வருகிறது. காகிதத்தில் வெற்றுப் படகுக்குச் சரியாக இருந்த பின்பலகை, சாமான் ஏறியதும் நீருக்குள் போய்விடும். கட்டி முடித்தவர்கள் சத்தம் அடங்கும்வரை எடையை முன்னால் நகர்த்தலாம்; அணியம் மூழ்கும் அளவுக்குப் போனால் முதலில் சொன்ன இழுப்பு வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வரைகிறவர்கள், அடியின் பின்வளைவைப் பாரம் ஏறிய கோட்டுக்கு ஏற்ப மேலே தூக்கி வரையுங்கள்.

உள்ளே தண்ணீர் சேர்கிறது

ஒரு சொட்டை நாக்கில் வையுங்கள். உப்பில்லை என்றால் அது மழை, அல்லது மூடிய அறைக்குள் வியர்த்த ஈரம். தளத்தையும் மூடியையும் பாருங்கள். உப்பு என்றால் கடல்.

கடல்நீர் எங்கே நுழைகிறது என்பதைக் கண்டுபிடிக்க வீட்டிலிருக்கும் கோலமாவு போதும். படகின் உட்புறத்தை நன்றாகத் துடைத்து, ஒரு பகல் காயவிடுங்கள். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பு நெடுகவும், நடுப்பலகைப் பெட்டியைச் சுற்றியும், திருகாணிகள் உள்ள இடங்களிலும் மெல்லிய கோடாக மாவைத் தூவுங்கள். அலையில்லாத முழங்கால் ஆழ நீரில் படகை மிதக்கவிட்டு, உள்ளே ஏறாமல் வெளியே நின்று பாருங்கள். சில நிமிடங்களில் வெள்ளைக் கோட்டில் ஓரிடம் சாம்பல் நிறமாகிக் கருக்கும். அதிலிருந்து ஊசி போன்ற ஈரக்கோடு கீழே இறங்கும். மாவு முழுவதும் நனைவதற்கு முன் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். எங்கும் நனையவில்லையா? இப்போது மணல் மூட்டைகளை ஏற்றுங்கள், ஒவ்வொன்றாக. பாரம் ஏறியபின் மட்டும் கசிந்தால், வெற்று நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் இணைப்பு ஒன்றுதான் காரணம். பெரும்பாலும் அது நடுப்பலகைப் பெட்டியின் பக்க இணைப்பு. பெட்டிக்குள் நீர் வெளிக்கடல் மட்டத்துக்கு எப்போதும் நிற்கிறது என்பதைப் பலரும் நினைப்பதில்லை.

நடுப்பலகை சுழலும் ஆணி கசிந்தால் மேலே பசை பூசிப் பயனில்லை. ஆணியைக் கழற்றி, துளையை இரு மடங்கு அகலப்படுத்தி, எப்பாக்ஸியால் (பிசினும் இறுக்கியும் கலந்தால் இறுகும் பசை) முழுவதும் நிரப்பி, இறுகியபின் நடுவில் புதுத்துளை போடுங்கள். ஆணி மரத்தைத் தொடாமல் எப்பாக்ஸிக்குள் சுழலும். இருபுறமும் ரப்பர் வளையம் வையுங்கள். விளிம்பில் கசிந்தால் பெயிண்டைச் சுரண்டி மரம் தெரியவைத்து, முழுக்கக் காயவிட்டு, மரத்தூள் கலந்த எப்பாக்ஸியை உருட்டிய மூலையாக நிரப்பி, மேலே 75 மில்லிமீட்டர் கண்ணாடியிழை நாடாவை ஒட்டுங்கள். ஈரமான மரத்தில் ஒட்டியது நிற்காது.

நடுப்பலகை இறங்க மறுக்கிறது

கரையில் ஏற்றி இறக்கும் படகுக்கு இது வாடிக்கை. மணலும் சிப்பித் துண்டும் பெட்டிக்குள் புகுந்திருக்கும். பெட்டியின் மேல்புறத்தில் ஒரு குச்சி நுழையும் அளவு திறப்பு வைத்து, அங்கிருந்து குத்தித் தள்ளுங்கள். பலகைக்கு இருபுறமும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பெயிண்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பூச்சுக்கு அடியில் கொப்புளம். பலகையின் ஓரம் ஏடு ஏடாக விரிகிறது

இதற்கு மருந்து கிடையாது. கெட்ட பலகையை வெட்டி எடுத்து நல்லதை ஒட்டவேண்டும். எனவே வாங்கும்போதே கண்டுகொள்ளுங்கள். பிஎஸ் 1088 என்பது கடல் ஒட்டுப்பலகைக்கான பிரிட்டிஷ் தரம். முத்திரை இருப்பது நல்லது, முத்திரையை மட்டும் நம்புவது நல்லதல்ல. பலகையின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே கறுப்பு ஓட்டை தெரிந்தால் வேண்டாம். பிறகு அடுப்பங்கரைச் சோதனை. உள்ளங்கை அளவு துண்டை வெட்டி, பழைய பானையில் நான்கு மணி நேரம் கொதிக்கவையுங்கள். வெயிலில் காயவைத்து இன்னொரு முறை கொதிக்கவையுங்கள். உளியால் ஓரத்தை நெம்புங்கள். வீட்டுத் தளவாடத்துக்கான யூரியா பசை முதல் கொதியிலேயே விட்டுவிடும், ஏடுகள் வெற்றிலைக் கட்டுபோலப் பிரியும். ஃபீனால் பசை என்றால் மரநார்தான் கிழியும், பசை விடாது. பட்டணத்துக் கடையொன்றில் கடல் பலகை என்று சொல்லி விற்ற பலகையின் துண்டு இந்தப் பானையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து ஏடாகிவிட்டது. படகாகிக் கடலுக்குப் போனபின் தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உள்சட்டங்களைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். பால்மரப் பலகை, அதாவது ரப்பர் மரப் பலகை, இங்கே மலிவு. வெளிர்நிறம், வேலைக்கு இணக்கம். தயவுசெய்து படகில் போடாதீர்கள். வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூசணம் பிடிக்கும் மரம் அது, துளைப்பூச்சியும் விரும்பித் தின்னும். ஆலையில் மருந்தேற்றி உலர்த்திய பலகை வீட்டுக்குள் நாற்காலியாக நன்றாக உழைக்கும். உப்புநீர் தேங்கும் மூலையில் அழுகும். சட்டத்துக்கு இலேசான செம்மெராந்தி போதும். மணலில் உரசும் அடிக்கட்டைக்கு மட்டும் செங்கால் வையுங்கள். கனமான மரம், ஆனால் தேயாது.

எப்பாக்ஸி பிசுபிசுக்கிறது, அல்லது மேலே வெண்படலம்

பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து மூலையை ஒட்டும் முறையை 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்த மிரர் என்ற 3.3 மீட்டர் படகு வீட்டுக் கொட்டகைகளுக்குக் கொண்டுசேர்த்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அப்போது பயன்பட்டது பாலியெஸ்டர் பிசின். மரத்தை எப்பாக்ஸி அதைவிட நன்றாகப் பற்றும். ஆனால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் எப்பாக்ஸிக்கென்று சில நியாயங்கள் உண்டு.

மறுநாளும் விரல் ஒட்டினால் கலவை விகிதம் தவறியிருக்கிறது. அளவு கொள்ளளவிலா எடையிலா என்று டின்னில் படியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. அப்படி ஒட்டுவதைச் சுரண்டி எடுப்பதுதான் வழி. மெழுகு போன்ற படலம் மட்டும் என்றால் ஈரக்காற்றால் வந்தது. தேய்ப்புத்தாளைத் தொடுவதற்கு முன் தண்ணீரும் நார்த்துணியும் கொண்டு கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் மெழுகு மரத்துக்குள் போய் அடுத்த பூச்சு பிடிக்காது. சின்னச் சின்னக் குமிழ்கள் தெரிந்தால் காலையில் பூசியிருப்பீர்கள்: வெயில் ஏற ஏற மரத்துக்குள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. மாலை நான்கு மணிக்குமேல், சூடு இறங்கும் நேரத்தில் பூசுங்கள். மெதுவாக இறுகும் இறுக்கியை வாங்குங்கள். கலந்ததை ஆழமான டப்பாவில் வைக்காமல் தட்டில் பரப்புங்கள். ஆழத்தில் குவிந்தால் தானே சூடேறிப் புகைந்துவிடும்.

அடிப்பலகை காலடியில் அமுங்குகிறது

அடிக்கு 6 மில்லிமீட்டர் போட்டிருப்பீர்கள். உள்ளே நீளவாக்கில் இரண்டு சட்டம், வெளியே அவற்றுக்கு நேராக இரண்டு அடிக்கட்டை. படுத்து உறங்கும் இடத்தில் சட்டம் முதுகில் உறுத்தாதபடி பார்த்து வையுங்கள்.

கவிழ்ந்து நிமிர்த்தியபின் இறைத்து மாளவில்லை

இதைக் கரையோரம் வேண்டுமென்றே செய்து பார்க்காமல் யாரும் முகாமுக்குப் போகக்கூடாது. இடுப்பளவு நீரில், உயிர்காப்பு அங்கியோடு, படகைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். நடுப்பலகைப் பெட்டியின் மேல்வாய் நீருக்கு அடியில் இருந்தால் எத்தனை வாளி இறைத்தாலும் அதே அளவு அதன் வழியே மேலே வரும். உடனடி வழி, அந்த வாயில் துணியை அடைத்துவிட்டு இறைப்பது. நிலையான வழி, மிதப்பறைகளைப் பெரிதாக்குவது. 100 லிட்டர் காற்றறை ஏறத்தாழ 100 கிலோவைத் தாங்கும். முன்னறை, பின்னறை, பக்க இருக்கைகளின் அடி எல்லாவற்றையும் கூட்டி, நீர் நிறைந்த நிலையிலும் பெட்டியின் வாய் நீருக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். சாமான் வைக்க அந்த அறைகளைத் திறப்பவர்கள் மூடியின் ரப்பரை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் சோதியுங்கள். மூடி ஒழுகினால் மிதப்பறை தொட்டியாகிவிடும்.

விடிந்து பார்த்தால் படகு சேற்றில், கடல் வெகுதூரத்தில்

படகில் பிழை இல்லை, கணக்கில் பிழை. நம் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நீர் சீராக இறங்காது. 2.4 மீட்டர் வற்றும் நாள் என்றால் முதல் மணியில் 20 சென்டிமீட்டர், இரண்டாவதில் 40, மூன்றாவது நான்காவது மணிகளில் 60, 60, பிறகு 40, 20. இலேசான சரிவுள்ள கரையில் அந்த 60 என்பது படகை மிதக்கவிட்டுச் சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் தரைதட்டவைக்கும். நில அளவை, வரைபடத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் லூமுட்டுக்கும் கணக்கு உண்டு, கையில் வைத்திருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய உச்ச ஏற்றத்தில் படகை மேட்டில் ஏற்றிவிட்டால் அடுத்த நாட்களின் ஏற்றம் அந்த இடத்தை எட்டாது. படகைத் தூக்கித்தான் இறக்கவேண்டும். நான்கு அங்குல பிவிசி குழாய் மூன்று துண்டு கொண்டுபோங்கள். சாமானை இறக்கிவிட்டு, குழாய்மேல் உருட்டினால் 100 கிலோவை இருவர் நகர்த்தலாம். செகாரிப் பக்கத்துப் பாசிர் பாஞ்சாங் கரையில் ஆமைகள் முட்டையிட வரும். அங்கே இரவில் விளக்கோடு தங்க வேண்டாம்.

கரையில் ஏற்றிவைத்த படகு விடியற்காலையில் புரண்டுவிடுகிறது

ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை சுமாத்திராக் காற்று என்று நாம் சொல்லும் புயல்வரிசை மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். கரிய மேகம் சுவர்போல எழுந்து, பத்து நிமிடத்தில் காற்று அடித்து, மழை கொட்டும். நம் கரை மேற்கைப் பார்த்தது, ஒதுக்கம் கிடையாது. அணியத்தைக் கடலுக்கு நேராக வையுங்கள். நங்கூரத்தை மணலில் முழங்கை ஆழம் புதையுங்கள். உருட்டிய பாயைப் பருமலோடு அவிழ்த்துக் கீழே வைத்துவிடுங்கள். இந்தவகைப் பாயை நான் விரும்புவதற்கு முதற்காரணமே பாய்மரம் குட்டையாக இருப்பதுதான். ஒருவரே தூக்கிக் கழற்றலாம். எவ்வளவு பசித்தாலும், பாய்மரத்தைப் படகுக்குள் கிடத்திக் கட்டியபின்தான் நாங்கள் அடுப்பு மூட்டுகிறோம்.